காலிக் கோட்டையில் இரண்டு இரவுகளும் ஒரு விடுபட்ட நூற்றாண்டும்



ஓகஸ்ட் லீவில் காலிக் கோட்டைக்குள் ஒரு பூட்டிக் ஹோட்டலில் குடும்பத்தோடு நின்ற படங்களைப் போட்டதிலிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "சேர், எவ்வளவு முடிந்தது?" மற்றது, "முக்கால் மணித்தியால பஸ் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அங்கே போய் ஏன் காசு கொடுத்துப் படுக்க வேண்டும்?"

முதலாவதுக்குப் பதில் சுருக்கம். மச்சான் முறையான ஒருவர் அங்கே வேலை செய்கிறார். ஊழியர்களின் உறவினருக்கு ஒரு கழிவு இருக்கிறது. அத்தோடு அது மழைக்காலம், வெள்ளைக்காரர் குறைவு. இல்லாவிட்டால் ஆசிரியர் சம்பளத்தில் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. இரண்டாவதுக்கான பதில் நீளம். என் உம்மம்மா பிறந்தது அந்தக் கோட்டைக்குள்தான். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு உம்மம்மாவோ அப்பாவோ இருந்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

காலியில் ஒரு வெளிநாட்டுப் பயணி தங்கியதைப் பற்றி எழுத்தில் இருக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று இப்னு பதூதாவுடையது. 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்த அவர், பாவா ஆதம் மலைக்குப் போய்விட்டுத் தெவிநுவரை வழியாகக் காலிக்கு வருகிறார். அங்கே இப்றாஹீம் என்ற ஒரு முஸ்லிம் கப்பல் தலைவர் தன்னுடைய இடத்தில் அவரை விருந்தாளியாக வைத்து உபசரித்ததாக எழுதியிருக்கிறார். இது கோட்டை கட்டப்படுவதற்கு இருநூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய கதை. ஒல்லாந்தரும் இல்லை, போர்த்துக்கேயரும் இல்லை. காலிக்கு வந்த விருந்தாளிக்குக் கதவு திறந்தவர் நம்மவர். தரம் 10 பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், "அப்ப முதலாவது ஹோட்டல் முதலாளி இப்றாஹீம் நானாதான் சேர்" என்பார்கள்.

அதற்கு அறுபத்தைந்து வருடம் கழித்து ஒரு கல் வருகிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரில் என்று ஒவ்வொரு தரப்புக்கும் காணிக்கைகள். அக்காலத்தில் இந்தக் கரையில் வியாபாரம் செய்தவர்கள் யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. செங் ஹேயே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மேலதிகச் செய்தி. இந்தக் கல்லை 1911இல் ஒரு ஆங்கிலேயப் பொறியியலாளர் காலி நகரில் கண்டெடுத்தார். எங்கே? கான் ஒன்றுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனால் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நிற்க விடாமல் இதற்கு முன்னால் நிறுத்துங்கள்.

போர்த்துக்கேயர் 1588இல் இந்த முனையை அரண் செய்தார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இன்று நாம் பார்க்கும் மதில், கொத்தளங்கள், நேரான தெருக்கள், கடலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கழுவும்படி அமைத்த நிலக்கீழ்க் கான்கள் எல்லாம் பெரும்பாலும் ஒல்லாந்தர் வேலை. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நான் கடந்து போகிறேன். பாடப்புத்தகத்தில் அவ்வளவாக இல்லாதது, அந்த இரண்டு ஆட்சியிலும் நம்மவர் எப்படி இருந்தார்கள் என்பது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். ஒல்லாந்தர் காலத்தில் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு, 'ஊழியம்' என்ற கட்டாய வேலை. அப்படியிருந்தும் கோட்டைக்குள் ஒரு தெரு நம்மவர் பெயரில் இருந்தது. இன்று 'பெட்லர் ஸ்ட்ரீட்' என்று பலகை போட்டிருக்கும் தெருவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரின் பொருள் சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு. ஆங்கிலேயர் மொழிபெயர்த்தபோது 'சில்லறை வியாபாரி' தங்கினான், 'சோனகன்' விழுந்துவிட்டான்.

பெயரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'பூட்டிக் ஹோட்டல்' என்றால் இப்போது பத்துப் பதினைந்து அறை, ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு மாதிரி, பழைய மரத்தளபாடம், விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் இலங்கை ஆங்கிலத்தில் 'பூட்டிக்' என்ற சொல் இருநூறு வருடமாக இருக்கிறது. அதற்கு அர்த்தம் பெட்டிக்கடை. 'டீ பூட்டிக்' என்றால் தேத்தண்ணிக் கடை. போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயரின் பழைய பதிவேடுகளில் நம்முடைய மூத்தவர்கள் 'பூட்டிக் கீப்பர்' என்றுதான் பதியப்பட்டிருக்கிறார்கள். எங்கள் அறைச் சாவியில் தொங்கிய வெண்கலத் தகட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி என்னவென்று கேட்டார், விளக்கினேன், "லீவிலயும் பாடமா?" என்றார்.

காலியின் பொற்காலம் என்று சொன்னால் அது ஒல்லாந்தர் காலமல்ல, நீராவிக் கப்பல் காலம். 1840களிலிருந்து ஐரோப்பாவுக்கும் கல்கத்தாவுக்கும், பிறகு சீனாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகும் தபால் கப்பல்கள் இங்கே வந்து நிலக்கரி ஏற்றின. ஒரு கப்பலில் வந்து இறங்கியவர் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மனிதனுக்குக் கட்டில் வேண்டும், சாப்பாடு வேண்டும், பொழுது போக வேண்டும். கோட்டைக்குள் ஹோட்டல் தொழில் பிறந்தது அப்படித்தான். ஒல்லாந்தர் 1684இல் கட்டிய ஒரு பெரிய கட்டடம் 1860களில் ஹோட்டலாகியது. நம்முடைய மூத்தவர்கள் 'என்.ஓ.எச்.' என்று சொல்லும் நியூ ஓரியன்டல் ஹோட்டல் அதுதான். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எஃப்ரம்ஸ் என்ற பறங்கியர் குடும்பத்தின் கையில் இருந்தது. இன்று அமன்கல்ல என்ற பெயரில் நாட்டிலேயே விலை கூடிய ஹோட்டல்களில் ஒன்று.

அந்த விறாந்தைதான் நம்முடைய கதையில் முக்கியமான இடம். அக்காலப் பயணிகள் எழுதியவற்றை வாசித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். கப்பலால் இறங்கி விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்ததும், உயரத் தொப்பி போட்ட சோனக வியாபாரிகள் இடுப்பிலிருந்து சிறு பொட்டலங்களை எடுத்து விரிப்பார்கள். நீலம், பத்மராகம், வைடூரியம், ஆமை ஓட்டுச் சீப்பு. பயணிகளில் சிலர் இவர்களைப் புகழ்ந்தார்கள், பலர் கண்ணாடித் துண்டை மாணிக்கமென்று விற்கிறார்கள் என்று ஏசினார்கள். இரண்டும் உண்மையாக இருந்திருக்கும், எல்லா வியாபாரத்திலும் இரண்டு வகை ஆட்களும் உண்டு. ஆனால் இந்தப் பொட்டலங்களிலிருந்துதான் பெரிய வீடுகள் எழும்பின. ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் 1860இல் காலியில் தொடங்கிய மாணிக்க வியாபாரம், பிறகு கொழும்பில் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலிலும் காலிமுக ஹோட்டலிலும் காட்சிக்கூடம் வைக்கும் அளவுக்கு வளர்ந்தது. அந்தக் குடும்பத்தின் சேர் முகம்மது மாக்கான் மாக்கார் 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அமைச்சரானார். தெரிவு செய்தவர்கள் யார் தெரியுமா? மட்டக்களப்பு தெற்கு மக்கள். கிழக்கிலிருந்து இங்கே கற்பிக்க வந்திருக்கும் ஆசிரியர்கள் இதை வைத்து எங்களிடம் பெருமை பேசலாம், மறுக்க மாட்டோம்.

பிறகு துறைமுகம் விழுந்தது. காலித் துறைமுகத்தின் வாயில் பாறைகள், தென்மேற்குப் பருவக்காற்றில் ஒதுங்க இடமில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல்கள் கூடின, பெருத்தன. அரசாங்கம் கொழும்பைத் தெரிந்தெடுத்தது. 1875இல் அங்கே அலைதாங்கிக்கு அடிக்கல், 1885இல் வேலை முடிவு. தபால் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கு மாறின. கோட்டைக்குள் இருந்த பறங்கியர் குடும்பங்கள் உத்தியோகத்தைத் தேடிக் கொழும்புக்கும், அடுத்த நூற்றாண்டின் நடுவில் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். வீடுகள் விலைக்கு வந்தன. வாங்கக் கையில் காசு வைத்திருந்தவர்கள் யார்? விறாந்தையில் பொட்டலம் விரித்தவர்களின் பிள்ளைகள்.

இந்த இடத்தை அவசரமாகக் கடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பலகைகளில் விடுபடுவது இதுதான். கோட்டையின் தென்பகுதி முஸ்லிம் மஹல்லாவானது துறைமுகம் செழித்தபோதல்ல, அது விழுந்த பிறகு. பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரி 1892இல் தொடங்கியது. வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளி இன்றைய வடிவத்தில் 1904இல் எழுந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைத் தேவாலயம் என்று நினைத்துப் படம் பிடிப்பார்கள், இரண்டு பக்கமும் கோபுரம், முன்சுவரில் ஐரோப்பிய வளைவுகள். கட்டியவர்கள் தாங்கள் அறிந்த அழகில் கட்டினார்கள். ஊர் ஒன்று தேய்கிறது என்று எல்லோரும் போன காலத்தில் நம்மவர் அங்கே பள்ளி கட்டியிருக்கிறார்கள்.

இனி ஹோட்டலுக்கு வருகிறேன். பெயர் சொல்லவில்லை, தேவையுமில்லை. வீடு என்னவோ அழகுதான். தெருவோடு ஒட்டிய விறாந்தை, உயர்ந்த கதவுகள், பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய இரண்டடிச் சுவர், நடுமுற்றத்தில் அரலிய மரம். அந்தச் சுவருக்குள் மின்விசிறி இல்லாமலே பகலில் படுக்கலாம். ஐந்து நிமிட நடையில் எல்லாம் இருக்கிறது: 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம், 1669 என்று ஆண்டு பொறித்த பழைய வாயில், நீதிமன்றச் சதுக்கத்து ஆலமரங்கள், 1939இல் கட்டிய இப்போதைய வெளிச்சவீடு. அஸருக்குப் பிறகு மதிலில் ஏறி நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டுக் கூரைகள். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். மச்சானும் ஊழியர்களும் நன்றாகக் கவனித்தார்கள், ஹலால் சாப்பாட்டுக்குக் கேட்க வேண்டியே இருக்கவில்லை, சமையற்காரர் தலாப்பிட்டிய ஆள்.

மேசையில் ஒரு தடித்த தாள் வைத்திருந்தார்கள், 'இந்த வீட்டின் வரலாறு'. ஆங்கிலத்தில். முதல் பந்தியில் ஒல்லாந்த வியாபாரி ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டு. இரண்டாம் பந்தியில் ஆங்கிலேயர் காலம், இரண்டு வரி. மூன்றாம் பந்தி, "கைவிடப்பட்டுப் பாழடைந்து கிடந்த இந்த வீட்டை" புதிய உரிமையாளர் 2000களில் மீட்டெடுத்தார்.

கைவிடப்பட்டதா? அந்த வீட்டில் நான்கு தலைமுறை முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். உம்மம்மா இரண்டு வீடு தள்ளிப் பிறந்தவர். நோன்பு காலத்தில் அந்த முற்றத்தில் கஞ்சி காய்ச்சி அண்டை வீடுகளுக்கு அனுப்பியதை அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போக, பின்வளவுச் சுவர்களில் சிறு கதவுகள் இருந்தனவாம். நாங்கள் தங்கிய அறையின் பின்சுவரில் அப்படி ஒன்றை அடைத்த அடையாளம் இருக்கிறது. அதில் இப்போது ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள்.

நான் அந்தத் தாளை எழுதியவர் மேல் கோபப்படவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒல்லாந்தரின் ஆவணங்கள், அவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். நாம் எதை எழுதி வைத்தோம்? உறுதிப் பத்திரங்களை அலுமாரியில் பூட்டி வைத்தோம், விற்றபோது அதையும் கொடுத்துவிட்டோம்.

விற்றதைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். "காசுக்கு ஆசைப்பட்டுக் கோட்டையை வெள்ளைக்காரனுக்கு விற்றார்கள்" என்று ஊரில் சுலபமாகச் சொல்கிறோம். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. கணக்கைப் பாருங்கள். 1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமையாக அறிவித்தது. நல்ல விஷயம். அதன் பின் ஒரு சுவரை இடிக்க, ஒரு ஓட்டை மாற்ற அனுமதி வேண்டும், பழைய மாதிரியே மாற்ற வேண்டும். அரைவட்ட ஓடும் நல்ல மரமும் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனும் என்ன விலை என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். மறுபக்கம், நம்முடைய வாரிசுரிமை. ஷரீஅத்தின்படி பங்கு பிரியும், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள். ஒருவர் கொழும்பில், ஒருவர் சவூதியில், இருவர் பேசிக்கொள்வதில்லை. கூரை ஒழுகினால் யார் செலவழிப்பது? யாரும் தனியாக வாங்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

இந்த நிலையில்தான் 2002இல், வெளிநாட்டவர் காணி வாங்கும்போது விதித்த நூறு வீத வரியை அரசாங்கம் எடுத்தது. 2004இல் திரும்பப் போட்டது. இடையில் இரண்டே வருடம். கோட்டைக்குள் பல வீடுகள் கை மாறியது அந்தக் காலத்தில்தான். இருபது பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போடச் சம்மதிக்கும் விலை முதல் தடவையாக வந்தது. அந்தக் காசில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் இருக்கிறார்கள், குமரைக் கரைசேர்த்தவர்கள் இருக்கிறார்கள், தலாப்பிட்டியவிலும் தெகிவளையிலும் வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2014இல் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதையே சட்டம் தடை செய்தது. அதற்குள் விற்க வேண்டியது விற்றாகிவிட்டது.

ஹோட்டல்காரர்களுக்கும் நியாயமாக இருக்க வேண்டும். சேர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு மாணிக்க வியாபாரியின் மாளிகை காலி ஃபோர்ட் ஹோட்டல் ஆனது, அந்த வேலைக்கு 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசுபிக் மரபுரிமை விருதுகளில் ஒன்று கிடைத்தது. பாழாகி விழுந்திருக்கக்கூடிய சுவர்கள் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்தன, உள்ளே இருந்தவர்களை ஒல்லாந்தர் மதில் காத்தது. அதற்குப் பிறகும் முதலீடு செய்ய வந்தவர்களுக்குத் துணிவு இருந்தது. நம்முடைய பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் அங்கே வேலை செய்கிறார்கள். லேன்பான் தெருவில் ஒரு முஸ்லிம் வியாபாரி தன் சொந்தச் செலவில் பழைய மாளிகை ஒன்றைத் திருத்தி 1992இலேயே அரும்பொருட்காட்சியாகத் திறந்தார். கயிறு திரித்த தெரு என்பது அந்தப் பெயரின் அர்த்தம். செய்ய நினைத்தால் நம்மாலும் முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

ஆனால் சுபஹுக்குப் பள்ளிக்குப் போனேன். அவ்வளவு பெரிய பள்ளியில் நாங்கள் ஒரு சஃப் கூட நிரம்பவில்லை. அதில் இரண்டு பேர் ஹோட்டல் காவலாளிகள், ஒருவர் என்னைப் போல விருந்தாளி. ஜும்ஆவுக்கு வெளியிலிருந்து வந்து நிரம்பும் என்றார்கள். தொழுகை முடிந்து வெளிச்சவீட்டடியில் நின்றபோது முஅத்தினார் ஒவ்வொரு வீடாகக் கைகாட்டி அங்கே முன்பு யார் இருந்தது என்று சொன்னார். எனக்கு வேகமாக எழுதத் தெரியும், ஆனாலும் பாதிதான் எழுத முடிந்தது.

புறப்படும்போது ஹோட்டல் முகாமையாளரிடம் அந்தத் தாளைப் பற்றிப் பேசினேன். கண்டியைச் சேர்ந்த சிங்களச் சகோதரர், நல்ல மனிதர். தற்காத்துப் பேசவில்லை. "எங்களுக்குத் தெரியாது சேர், நீங்கள் ஒரு பந்தி எழுதித் தாருங்கள், அடுத்த முறை அச்சடிக்கும்போது சேர்க்கிறேன்" என்றார். 1880களிலிருந்து 2003 வரை, ஒரு பந்தி. எழுதத் தொடங்கியிருக்கிறேன். முஅத்தினார் சொன்ன பெயர்களும் உம்மம்மா சொன்னவையும் என்னிடம் இருக்கின்றன, ஆனால் வருடங்கள் இல்லை.

ஆகவே கோட்டைக்குள் பிறந்த, வளர்ந்த, அங்கே ஓதிய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரக் கடைசிக்குள் அவர்களிடம் உட்கார்ந்து நான்கு விஷயம் கேளுங்கள்: எந்தத் தெரு, எந்த வீடு, எந்த வருடம் வந்தார்கள், எந்த வருடம் போனார்கள். பழைய கல்யாண அழைப்பிதழ், உறுதியின் பிரதி, விறாந்தையில் எடுத்த குடும்பப் படம் எது இருந்தாலும் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அசல் வேண்டாம், அசல் உங்களிடமே இருக்கட்டும். குரல் பதிவாக அனுப்பினாலும் நான் எழுதிக்கொள்வேன். பெட்லர் ஸ்ட்ரீட்டும் லேன்பான் தெருவும் முதலில். மற்றத் தெருக்கள் டிசம்பர் லீவில்.